தலைகீழாய்த் தொங்கிய ஏரி

நம் இல்லத்தின் முன்னறைச் சுவரில் ஓர் ஏரி தொங்குகின்றது. சுவிட்சர்லாந்து நாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,750 மீட்டர் உயரத்தில் அமைந்த ரிஃபல் ஏரி அது. சிறிய ஏரிதான். ஆயினும் 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரம் அந்தச் சிறிய நீர்ப்பரப்பில் தன் முகத்தை முழுமையாகப் பார்த்துக்கொள்கின்றது. அயல்நாட்டு ஏரியும் பனிமலையும் இல்லாத நாள்காட்டி அரிதாயிருந்த ஒரு காலம் நம் ஊர்களில் உண்டு. ஆண்டு முடிந்ததும் தேதித் தாள்களைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் வெட்டிச் சட்டமிட்டு மாட்டி வைப்பது நம் வீடுகளின் வழக்கம். நாமும் அவ்வாறே செய்தோம்.

படச் சட்டம் போடுபவர் வளையங்களைத் தவறான பக்கத்தில் அடித்துவிட்டார். அது நமக்குத் தெரியவில்லை. எழுத்துகள் யாவும் வெட்டப்பட்டுவிட்டதால் எது மேல், எது கீழ் என்று சொல்ல அப்படத்தில் வேறெதுவும் இல்லை. மேலே ஒரு மலை, கீழே ஒரு மலை, நடுவில் ஒரு கரை. பல மாதங்கள் அப்படியே தொங்கிற்று. வந்தவர் பலரும் பார்த்தனர், அழகு என்றனர், அமர்ந்து காப்பி அருந்திச் சென்றனர். விடுமுறைக்கு வந்திருந்த நம் தம்பியின் மகள், ஆறு வயதுச் சிறுமி, ஒரு நாள் காலை அதன்முன் வெகுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "பெரியப்பா, ஆகாயத்திலே கூழாங்கல் இருக்குமா?"

எழுந்து சென்று பார்த்தோம். படத்தின் மேல் விளிம்பில், நீலத்துக்குள் மங்கலாகச் சில கற்கள் கிடந்தன. இத்தனை நாளும் அவற்றை மேகத்தின் திட்டுகள் என்று எண்ணியிருந்தோம். உண்மையைச் சொன்னால், எதுவுமே எண்ணியிருக்கவில்லை. நாம் மலையென்று கண்டு மகிழ்ந்தது மலையின் பிம்பத்தை. பிம்பமென்று ஒதுக்கியது மலையை.

சிறு நிகழ்ச்சிதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி சிறியதன்று. உண்மையும் அதன் சாயலும் இத்துணை ஒத்திருக்கும்போது, இது மெய், இது சாயல் என்று நாம் எவ்வாறு அறிகின்றோம்? தவறாக அறிந்துவிட்டால் அதன் பொறுப்பு யாருடையது?

இத்தகைய தவறு நமக்கு மட்டுமே நேர்ந்ததன்று என்பதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. 1961ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம், பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸின் கடைசிக்காலப் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் ஒன்று 'படகு' என்னும் பெயருடையது. வண்ணந் தீட்டிய தாள்களைக் கத்தரித்து ஒட்டி, 1953இல் அவர் செய்தது. பாய்மரப் படகு ஒன்றும், நீரில் அதன் நிழலும் மட்டுமே அதில் உள்ளன. அப்படம் 47 நாள்கள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. ஏறத்தாழ 1,16,000 பேர் அதனைக் கடந்து சென்றனர். பங்குச் சந்தையில் பணியாற்றிய ஜெனவீவ் ஹாபெர் என்னும் பெண்மணிக்கே ஐயம் எழுந்தது. மேலே உள்ள வடிவம் எளிமையாகவும் கீழே உள்ளது நுட்பமாகவும் இருப்பானேன்? ஓர் ஓவியர் படகைக் காட்டிலும் அதன் நிழலுக்கு மிகுந்த உழைப்பைத் தருவாரோ? அவர் கண்காட்சிக் கையேட்டில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தம் ஐயத்தை உறுதி செய்துகொண்டார். அருங்காட்சியகக் காவலரிடம் சொன்னார், பயனில்லை. நாளிதழுக்குத் தெரிவித்தார். அதன் பின்னரே படகு நேராக நின்றது.

அந்தப் பெண்மணி கலை வல்லுநர் அல்லர் என்பது நம் கவனத்துக்குரியது. அவர் செய்ததெல்லாம் பார்த்ததை மீண்டும் பார்த்ததும், முரண்பட்டதைப் பேசாமல் விழுங்கிவிடாததுமே. நம் வீட்டுச் சிறுமி செய்ததும் அதுவே.

அவள் கேள்விக்குப் பின்னர், ஏரிப் படங்களின் இயல்பைச் சற்றுக் கருத்தூன்றி ஆராயத் தொடங்கினோம். நீரில் தெரியும் மலை, கரையில் நிற்கும் மலையின் சரியான நகல் என்றே நாம் எண்ணி வந்துள்ளோம். உண்மையில் அது நகலன்று. டச்சு நாட்டு வானியலாளர் மார்செல் மின்னார்ட், திறந்தவெளியில் ஒளியும் நிறமும் காட்டும் விந்தைகளைப் பற்றி 1937இல் வெளியிட்ட நூலில், பொருளுக்கும் அதன் நீர்ப்பிம்பத்துக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்கியிருக்கின்றார். அவை ஏழை, செல்வர் எவருக்கும் ஒரு குளக்கரையில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள்.

முதலாவது ஒளி. நீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கை மட்டுமே திருப்புகின்றது. ஒளி சாயச்சாய இப்பங்கு கூடுகின்றது. நீர்ப்பரப்பிலிருந்து 10 பாகை உயரத்தில் வரும் ஒளியில் ஏறத்தாழ 35 பங்கும், 5 பாகையில் ஏறத்தாழ 58 பங்கும் திரும்புகின்றன. எஞ்சியதை நீர் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. ஆகவே பனிமலையின் பிம்பம் மலையைவிட மங்கலானது. எதிர்க்கரையை ஒட்டிப் பிம்பம் தெளிவாகவும், நம்மை நெருங்க நெருங்க இருண்டும் காண்பது இதனாலேயே. நம் காலடிக்கு வரும்போது நீர் ஏறக்குறைய எதையுமே பிரதிபலிப்பதில்லை. அடியில் கிடக்கும் கற்களைத்தான் காட்டுகின்றது. ஆகாயத்தில் கூழாங்கல் வந்த கதை இதுதான்.

இரண்டாவது பார்க்கும் இடம். நீர்ப்பிம்பத்தில் நாம் காண்பது, நம் கண் நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவு ஆழத்தில் நீருக்குக் கீழே ஒரு கண் இருந்தால் அதற்குத் தோன்றும் காட்சியாகும். ஓர் எடுத்துக்காட்டு: நம் கண் நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே உள்ளது. 30 மீட்டர் தொலைவில் நீரோரமாக, அதே ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு பாறை நிற்கின்றது. நேரே பார்க்கும்போது பாறையின் உச்சி அடிவானத்தின் மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் எழும் மலையில் எதனையும் அது மறைக்காது. பிம்பத்திலோ அதே பாறை அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 6 பாகை வரை நீண்டு நிற்கும். மலை 12 பாகை உயரமாய்த் தோன்றுமாயின், அதன் பிம்பத்தில் கீழ்ப்பாதியை அந்தப் பாறையின் பிம்பமே விழுங்கிவிடும். பிம்பத்தில் அருகிலுள்ள சிறியது பெரிதாகி, தொலைவிலுள்ள பெரியதை மறைக்கின்றது. அவ்வாறே ஒரு பாலத்தின் மேற்பரப்பை நேரே காண்போம். அதன் அடிவயிற்றை நீரில் காண்போம். எந்தப் பாதியில் மலை மிகுதியாகவும் பாறை குறைவாகவும் தெரிகின்றதோ, அதுவே மேற்பாதி.

மூன்றாவது காற்று. எத்துணை அமைதியான ஏரியிலும் ஏதோ ஒரு மூலையில் மெல்லிய காற்று நீரைத் தொட்டுச் செல்லும். அவ்விடத்தில் பிம்பம் கலையும். ஒளிப்புள்ளிகள் மேலுங்கீழுமாக நீளும். படுக்கைவாட்டில் கோடுகள் ஓடும். கரையின் மலைக்கு இத்தகைய நடுக்கம் இல்லை. உதிர்ந்து மிதக்கும் ஓர் இலையும் போதும். அது மிதப்பது நீரில் அன்றி வேறெங்கு?

நான்காவது பழக்கம். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேலும் கீழும் மட்டும் மாறுவதில்லை. இடமும் வலமும் மாறுகின்றன. அப்போது நிமிர்ந்து நிற்பதுபோல் தோன்றும் பிம்ப மலை, கண்ணாடியில் தெரியும் எழுத்தைப்போல் இடவலம் மாறியிருக்கும். மாட்டர்ஹார்ன் இருபுறமும் ஒத்த கூம்பு அன்று. ஒரு பக்கமாக வளைந்த தலையுடையது. அம்மலையடிவாரத்துச் செர்மாட் ஊரில் பிறந்து வளர்ந்தவர்க்கு ஒளியின் கணக்கும் வேண்டா, பாகைக் கணக்கும் வேண்டா. ஒரு கணம் பார்த்ததுமே, "இது எங்கள் மலை அன்று" என்று சொல்லிவிடுவார். சான்றுகளை எண்ணிப் பெறும் அறிவு ஒன்று. உடன் வாழ்ந்து பெறும் அறிவு மற்றொன்று.

இச்சான்றுகள் எப்போதும் தவறாமல் துணைசெய்யும் என்று நாம் சொல்லவில்லை. மேல்வானின் ஒளியைக் குறைத்துக் கீழே உள்ள நீருக்கு ஈடாக்கும் பொருட்டு, பாதி இருண்ட கண்ணாடியை ஒளிப்படக் கலைஞர் கருவியின் முன் பொருத்துவதுண்டு. அளவு மிஞ்சினால் பிம்பம் மலையைவிட ஒளிர்ந்துவிடும், முதற்சான்று பொய்த்துவிடும். காற்றேயில்லாத விடியலில், நீரை ஒட்டித் தாழ்வாகக் கருவியை வைத்துத் தொலைமலையை மட்டும் எடுத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் மங்கிவிடும். ஒரு சான்றைப் பற்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்வது ஆபத்து. பல சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும். அவற்றுக்கும் மேலாக, அவ்விடத்தை அறிந்தவரைக் கேட்டல் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தலைகீழாய் இருப்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடுமோ? ஆகாது. நம் கண்ணே அதற்குச் சான்று. விழித்திரையில் உலகம் தலைகீழாகவே விழுகின்றது என்பதைக் கெப்ளர் 1604இல் விளக்கினார். இயேசு சபைக் குருவான கிறிஸ்டோஃப் ஷைனர், கண்ணைப் பற்றிய தம் நூலை 1619இல் வெளியிட்டவர்; விலங்கின் கண்ணில் பின்புற உறையை நீக்கி, அங்கே தலைகீழாய் விழுந்த உருவத்தை நேரிலேயே கண்டு காட்டினார். ஆண்டுகள் பல கடந்து, 1890களில், அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் உலகைத் தலைகீழாய்க் காட்டும் கண்ணாடியை 8 நாள்கள் அணிந்து வாழ்ந்து பார்த்தார். முதலில் கை நீட்டிய இடமெல்லாம் தவறிற்று. நாள் செல்லச் செல்லத் தடுமாற்றம் குறைந்தது. புதிய உலகில் நடமாடப் பழகிக்கொண்டார். தலைகீழான உருவத்திலிருந்து நேரான உலகை அறியும் ஆற்றல் மனிதனுக்கு வழங்கப்பட்டிருக்கின்றது. அதே மனிதன் தலைகீழான உலகுக்குப் பழகிப்போகவும் வல்லவன். இரண்டும் ஒரே இயல்பின் இரு முகங்கள். நம் முன்னறையில் பல மாதங்கள் நடந்தது இரண்டாவது.

ஆகவே ஏரியைக் குறை கூறுவதற்கில்லை. அது பொய் சொல்லவில்லை. பாலத்தின் அடிப்புறத்தையும், கிளையின் மறுபக்கத்தையும், நேரே பார்ப்பவர்க்குத் தெரியாத பலவற்றையும் அது மெய்யாகவே காட்டுகின்றது. பிம்பம் தன் இடத்தில் இருக்கும்வரை உண்மையின் துணை. மலையின் இடத்தில் அதனை ஏற்றி மாட்டும்போதுதான் பொய் பிறக்கின்றது. அதனை மாட்டியது ஒரு மனிதக் கை. மாட்டியதைக் கேளாமல் ஏற்றுக்கொண்டது ஒரு மனிதக் கண்.

இதனை எழுதும்போது நம் நெஞ்சை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. நமக்கு ஒரு நண்பர் இருந்தார். 20 ஆண்டுப் பழக்கம். ஊர்ப் பொதுக்காரியம் ஒன்றிற்காக அமைந்த குழுவின் கணக்கை அவர் பார்த்து வந்தார். ஒருநாள் அக்குழுவைச் சேர்ந்த மற்றொருவர் நம்மிடம் வந்து, நண்பர் பொதுப்பணத்தில் ஒரு தொகையை எடுத்துத் தம் வீட்டுத் தேவைக்குச் செலவிட்டுவிட்டார், திருப்பவில்லை என்றார். தொகையைச் சொன்னார், மாதத்தைச் சொன்னார், உடனிருந்தவர் பெயர்களையும் சொன்னார். அத்தனை விவரங்களோடு சொல்லப்பட்டது பொய்யாக இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றவில்லை. நண்பரிடம் நாம் எதையும் கேட்கவில்லை. அவர் வரும் தெருவில் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினோம். அவர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்லவில்லை.

ஈராண்டுகள் கழிந்தபின் உண்மை தெரிந்தது. தொகை அதுவே; மாதம் அதுவே; பெயர்களும் அவையே. ஆனால் பணம் சென்ற திசை வேறு. குழுவின் கையில் பணமில்லாதபோது நண்பர்தாம் தம் வீட்டுப் பணத்திலிருந்து அத்தொகையைக் கொடுத்திருக்கின்றார். அதனைத் திருப்பிக் கொடுக்காதது குழு. கடன் கொடுத்தவர் கடன்பட்டவராகவும், கடன்பட்டவர் கொடுத்தவராகவும் நம்முன் தொங்கவிடப்பட்டிருந்தனர். ஒரு விவரமும் மாறவில்லை. படம் தலைகீழாக இருந்தது, அவ்வளவே.

சான்றுகள் நம் கண்முன் இருந்தன. கதையைச் சொன்னவர் அதில் தாமே ஒரு பங்காளி. நீருக்குக் கீழிருந்து பார்ப்பவர்க்கு அருகிலுள்ள பாறை மலையை மறைப்பதுபோல, அவர்தம் சொந்த மனத்தாங்கல் நண்பரின் 20 ஆண்டு நேர்மையை மறைத்திருந்தது. அன்றே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அத்தொகைக்குச் சீட்டு உண்டா என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அந்த மெல்லிய காற்றுக்கே கதை கலங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் அம்மலையின் அடிவாரத்திலேயே வாழ்ந்தவர்கள். அவர் தலை எப்பக்கம் வளையும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும், முதலில் காட்டப்பட்ட படத்தையே நம்பினோம். கேட்காமல் விட்டதற்குக் காரணம் நாகரிகம் என்று அப்போது சொல்லிக்கொண்டோம். அது சோம்பலே என்பதை இப்போது அறிகின்றோம். ஒருவரைக் குறித்துத் தவறாக எண்ணுவதற்கு உழைப்பு வேண்டியதில்லை; சரியாக எண்ணுவதற்கு எழுந்து சென்று அருகில் பார்க்க வேண்டியிருக்கின்றது.

கண்ணாடியில் மங்கலாகக் காணும் நிலையே இம்மையில் நம் நிலை என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அக்கருத்தை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். பெரும்பாலும் இறைவனைக் காண்பதைப் பற்றியே அதனை எண்ணியிருக்கின்றோம். அவர் அதனை எழுதியது அன்பைப் பற்றிய பகுதியில் என்பது இப்போதுதான் நமக்கு உறைக்கின்றது. மங்கலாகக் காண்பவன் தன் பார்வை மங்கல் என்பதை மறவாதிருத்தலும் பிறர்க்குச் செய்யும் அன்பின் ஒரு பகுதியே.

நண்பர் அப்போது வேறூர் சென்றுவிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு மடல் எழுதினோம். விடை வந்தது, பண்போடு எழுதியிருந்தார். நலம் விசாரித்திருந்தார். பழைய உரிமையோடு ஒரு சொல்லும் அதில் இல்லை. அதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. எதிர்பார்க்கும் தகுதி நமக்கில்லை.

பியத் மொந்திரியான் என்னும் டச்சு ஓவியர், வண்ண ஒட்டு நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி 1941இல் அமைத்த படைப்பு ஒன்று ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. 75 ஆண்டுகளுக்கும் மேலாக அது தலைகீழாகவே மாட்டப்பட்டு வந்திருக்கின்றது என்று 2022இல் அறிவித்தனர். அறிந்த பின்னும் அதனைத் திருப்பவில்லை. நாடாக்கள் பழுதடைந்து, ஒட்டும் தன்மை குன்றிவிட்டன. இப்போது திருப்பினால் படமே பிரிந்து வீழ்ந்துவிடும் என்று அஞ்சினர். தவற்றை அறிந்ததும் அதனைத் திருத்திவிடலாம் என்று எண்ணும் நமக்கு இச்செய்தி ஓர் எச்சரிக்கை. சில படங்களை உடனே திருப்பிவிடலாம். சில படங்கள் நெடுநாள் தொங்கிவிட்டமையால் திருப்பும் கையைத் தாங்கமாட்டா. அவற்றின் அருகில், இது தலைகீழ் என்று உண்மையை எழுதி வைப்பது ஒன்றே நம்மால் இயல்வது. இக்கட்டுரையில் நாம் செய்ய முயன்றிருப்பதும் அதுவே.

ரிஃபல் ஏரி அத்தகைய தொல்லை எதனையும் நமக்குத் தரவில்லை. சிறுமி கேட்ட அன்று மாலையே படத்தைக் கடைக்கு எடுத்துச் சென்றோம். சட்டம் போடுபவர் சிரித்துக்கொண்டே வளையங்களைப் பிடுங்கி மறுபக்கத்தில் அடித்துத் தந்தார். ஐந்து நிமிட வேலை. கூலி வேண்டாமென்றார். இப்போது கற்கள் நீருக்கடியில் கிடக்கின்றன. மலை மேலே நிற்கின்றது. பழைய வளையங்கள் இருந்த இரண்டு துளைகள் சட்டத்தின் கீழ்ப்புறத்தில் அப்படியே உள்ளன. மெழுகு வைத்து அடைத்துவிடலாம் என்றார் அவர். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.